கீழ் வலது ஏழாம் பல்

2024.12.20, வெள்ளிக்கிழமை, முற்பகல் 10.15. அழைப்பு எதுவும் அனுப்பப்படாத நிலையில் தாமாகவே பொலிஸ் நிலையத்துக்கு வந்தவர் கூறியது.

பெயர்: நல்லரெத்தினம் ஆர்த்திகா. வயது: 27. தொழில்: பல் வைத்தியர். முகவரி: கடற்கரை வீதி, செட்டிபாளையம்.

நான் மேற்படி முகவரியில் பெற்றோருடன் வசிக்கிறேன். தந்தை வாவியில் இறால் பிடிப்பவர். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் சென்றது நான் மட்டுமே. அரச நியமனம் கிடைக்கும்வரை, கடந்த ஐந்து மாதங்களாக மட்டக்களப்பு நகரில் டொக்டர் உதயரூபன் என்பவருக்குச் சொந்தமான தனியார் பற்சிகிச்சை நிலையத்தில் வேலை செய்து வந்தேன். அங்கு ஏறாவூரைச் சேர்ந்த ஹிதாயா என்பவர் பதினொரு வருடங்களாக உதவியாளராக இருந்தார். நோயாளர் அட்டைகளை எழுதுவதும் கருவிகளைச் சுத்தம் செய்து எடுத்துத் தருவதும் அவரது வேலை. பல் எடுப்பது வைத்தியர் மட்டுமே.

2024.12.09ஆம் திகதி மாலை நான்கு மணியளவில் சித்தாண்டியைச் சேர்ந்த விவசாயி கனகசூரியம், வயது 54, பல் எடுப்பதற்காக வந்தார். நான்கு நாட்களுக்கு முன்னர் டொக்டர் உதயரூபன் அவரைப் பரிசோதித்து, கீழ் வலது ஏழாம் பல்லை அகற்றும்படி அட்டையில் எழுதியிருந்தார். 09ஆம் திகதி டொக்டர் உதயரூபன் கொழும்பு சென்றிருந்ததால் நான் தனியாக நோயாளர்களைப் பார்த்தேன். கனகசூரியம் கதிரையில் அமர்ந்து, "பெரிய டொக்டர் இல்லையா? நீங்க இன்னும் படிக்கிற புள்ள போல இரிக்கீங்க" என்றார். அதன் பின்னர், "வயல் வட்டையில பசளை எறிய ஆக்கள் நிக்கிறாங்க. கெதியா எடுத்து விடுகா" என்றார்.

நாங்கள் பற்களுக்கு முன்னிருந்து பின்னாக எண் கொடுப்போம். கனகசூரியத்துக்கு ஆறாம் பல் பல வருடங்களுக்கு முன்னரே எடுக்கப்பட்டிருந்தது. அவ்வாறு எடுத்தவர்களுக்குப் பின்னால் உள்ள ஏழாம் பல் காலப்போக்கில் முன்னுக்குச் சரிந்து ஆறாம் பல்லின் இடத்தில் நிற்கும். எட்டாம் பல் ஏழாம் பல்லைப்போலத் தெரியும். ஆகவே எடுப்பதற்கு முன்னர் அட்டையில் உள்ள பல்வரிசைப் படத்தையும் வாயையும் ஒப்பிட்டு எண்ண வேண்டும். இது நாங்கள் முதன்முதலில் ஒரு பல்லை எடுப்பதற்கு முன்னரே எங்களுக்குச் சொல்லித் தரப்படுவது. அன்று நான் டொக்டர் எழுதிய வரியை மட்டும் வாசித்தேன். படத்தில் ஆறாம் பல்லின்மேல் ஹிதாயா, அது ஏற்கனவே எடுக்கப்பட்டது என்பதற்கு அடையாளமாகச் சிவப்புப் பேனாவால் புள்ளடி (X) இட்டிருந்தார். அது என் கண்ணில் பட்டது, நின்று பார்க்கவில்லை.

விறைப்பு ஊசி போட்டு நான் கருவிக்குக் கை நீட்டியபோது ஹிதாயா, "டொக்டர், இவருக்கு ஆறு முதலே எடுத்தாச்சி. ஒருக்கா எண்ணிப் பாத்துட்டு எடுங்க" என்றார். அதற்குக் கனகசூரியம் என்னைப் பார்த்துச் சிரித்து, "அப்ப இதில ஆரு டொக்டர், நீங்களா அந்தப் புள்ளயா?" என்று கேட்டார். நான் ஹிதாயாவிடம், "எனக்குத் தெரியும், ஹிதாயா. கருவியத் தாங்க" என்றேன். வழமையாக அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். உதவியாளர் கூறியது எனக்குத் தெளிவாகக் கேட்டது, கேட்டும் நான் ஏற்கவில்லை.

அதன் பின்னர் பல்லை எடுத்தேன். அது முழுதாக வந்தது. வேர்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன; எட்டாம் பல்லில்தான் அப்படி அதிகம் காண்பது. எனக்கு அப்போதே சந்தேகம் வந்தது. ஹிதாயாவும் பல்லைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் அதைப் பஞ்சால் மூடித் தட்டில் வைத்து, நோயாளிக்குக் கடித்துக்கொள்ளப் பஞ்சு கொடுத்து, அட்டையில் கையொப்பமிட்டு அனுப்பினேன். அவரிடம் எதுவும் சொல்லவில்லை.

11ஆம் திகதி காலை கனகசூரியத்தின் மகள் தக்சிகா தொலைபேசியில் பேசி, தகப்பனாருக்கு வாய் திறக்க முடியவில்லை, வீக்கம் கழுத்துக்கு இறங்கிவிட்டது என்றார். ஹிதாயா உடனடியாக அரச வைத்தியசாலைக்குக் கொண்டுபோகும்படி சொன்னார். அங்கு சீழை வெளியேற்றி, நான் எடுத்திருக்க வேண்டிய ஏழாம் பல்லை எடுத்தார்கள். அவர் ஆறு நாட்கள் வைத்தியசாலை விடுதியில் இருந்தார்.

12ஆம் திகதி தக்சிகா சிகிச்சை நிலையத்துக்கு வந்து, "நல்ல பல்லப் புடுங்கிட்டு கெட்டத உள்ளுக்க வச்சி அனுப்பியிரிக்கீங்க. இது ஆர்ர வேல?" என்று கேட்டார். அப்போது நான் கருவிகள் கழுவும் அறையில் இருந்தேன். வெளியே வரவில்லை.

13ஆம் திகதி டொக்டர் உதயரூபன் என்னைத் தமது அறைக்கு அழைத்து, கனகசூரியத்தின் பெயரில் ஒரு புதிய அட்டையைக் காட்டினார். அதில் ஆறாம் பல்லின்மேல் புள்ளடி இல்லை. பழைய அட்டை எங்கே என்று கேட்டேன். "அது நனஞ்சி போச்சு" என்றார். அதன் பின்னர், "தங்கச்சி, நீர் இப்பதான் தொடங்கிறீர். ஹிதாயா வேற இடத்தில வேல எடுப்பா. உம்மட பேர் கெட்டா ஆரு திருப்பித் தருவா? இதில ஒரு கையெழுத்து வையும்" என்றார். நான் கையொப்பமிடவில்லை. ஆனால் மாட்டேன் என்றும் சொல்லாமல், பிறகு பார்ப்போம் என்று வெளியே வந்தேன். 14ஆம் திகதி ஹிதாயா வேலையிலிருந்து நிறுத்தப்பட்டார். முன்னரே எடுக்கப்பட்ட ஆறாம் பல்லை அட்டையில் குறிக்காமல் விட்டவர் அவரே என்று, தக்சிகாவின் முறைப்பாட்டை விசாரித்த பொலிசிலும் சொல்லப்பட்டு, அவர் இரண்டு தடவை இந்நிலையத்துக்கு அழைக்கப்பட்டதாகப் பின்னர் அறிந்தேன்.

18ஆம் திகதி நான் ஏறாவூரில் அவரது வீட்டுக்குச் சென்றேன். தேத்தண்ணி தந்தார். "ஊரில நான்தான் பல்லுப் புடுங்கினனாம் எண்டு கத, டொக்டர். எண்ட மகளே கேக்குறா, 'உம்மா, நீங்க டொக்டர் வேலையும் பாத்தீங்களா' எண்டு" என்றார். என்னிடம் எதையும் செய்யும்படி அவர் கேட்கவில்லை.

19ஆம் திகதி சித்தாண்டிக்குச் சென்று கனகசூரியத்திடமும் தக்சிகாவிடமும் நடந்ததைச் சொன்னேன். தக்சிகா என்னை இருக்கச் சொல்லவில்லை. கனகசூரியம், "அப்ப உதவிக்கு நிண்ட அந்தத் தங்கச்சி சொன்னது சரிதான்" என்றார். ஓம் என்றேன். அன்றே டொக்டர் உதயரூபனிடம் வேலை விலகல் கடிதத்தையும் கொடுத்தேன்.

கேள்வி: பழைய அட்டை உம்மிடம் உள்ளதா?

பதில்: இல்லை. நான் சிகிச்சை செய்த ஒவ்வொரு அட்டையிலும் திகதிக்கு எதிரே கையொப்பமிடுவது வழக்கம். உங்களிடம் தரப்பட்ட அட்டையில் 09ஆம் திகதிக்கு எதிரே என் கையொப்பம் இல்லை. மற்ற நோயாளர் அட்டைகளை எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

கேள்வி: இதனால் உமது தொழிற்பதிவு பறிபோகலாம் என்பது தெரியுமா?

பதில்: தெரியும். பதிவு செய்யும் சபைக்கும் இதே விபரங்களை எழுதி, நேற்றுப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன்.

மேற்கண்டவை எனக்கு வாசித்துக் காட்டப்பட்டபோது, "உதவியாளர் கூறியதை நான் கவனிக்கத் தவறினேன்" என்று எழுதப்பட்டிருந்த வரி பிழை என்று சொன்னேன். வாக்குமூலத்தைப் பதிந்த சார்ஜன்ட் ஸாஹிர், இரண்டும் ஒன்றுதானே, இப்படி இருப்பது உங்களுக்கு நல்லது என்றார். ஒன்றல்ல என்றேன். என் வேண்டுகோளின்படி அந்த வரி வெட்டப்பட்டு, "உதவியாளர் கூறியது எனக்குத் தெளிவாகக் கேட்டது, கேட்டும் நான் ஏற்கவில்லை" என்று மாற்றப்பட்டது. வெட்டிய இடத்தில் என் முதலெழுத்தை இட்டுள்ளேன். இப்போது இதில் உள்ள யாவும் நான் கூறியவாறே உள்ளன. யாருடைய தூண்டுதலும் இன்றி உண்மையென ஏற்றுக் கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) ந. ஆர்த்திகா