யானை பாடும் நேரம்

— “சத்தம் நின்னுட்டா எங்கம்மாவுக்குப் படம் எங்க போய்டும்?”னு கேட்டியே அஃப்ரோஸ், ஏழு வயசுல. படம் ஓட்டற இதே கேபின் வாசல்ல நின்னு.

— கண்ணு தெரியாதவங்களுக்குக் காதுதானே திரை, அருணகிரி அண்ணே. படத்துல மர யானை பாட ஆரம்பிக்கும், பள்ளிவாசல்ல மக்ரிப் பாங்கு வந்துடும், நீங்க சத்தத்தை நிறுத்திடுவீங்க.

— பாங்குக்கு நிறுத்தறது இந்த ஆம்பூர் தியேட்டர் வழக்கம். நா இன்னா பண்ண?

— பண்ணீங்களே. இறங்கி வந்து அம்மா நாற்காலிக் கட்டையில தட்டினீங்க. வழி தப்பின புள்ளைங்களை யானை வீடு வீடா கொண்டுபோய் விடுதே, அது வெக்கிற அடிக்கு ஒரு தட்டு. சாவற வரைக்கும் அம்மா மாவு பிசையறப்ப அதே தாளம்தான்.

— அந்தப் படத்துக்கு இன்னும் கூட்டம் வருது. அன்னைக்கு மடியில இருந்ததுங்க இன்னைக்குத் தங்க புள்ளைங்களை இட்டாருதுங்க. சரி, கீழ போ. யானை வர்ற நேரம்.

— நேத்து பாங்கு முழுக்க பாட்டு ஓடுச்சாமே. எங்க ஷூ கம்பெனியில அதே பேச்சு.

— கண்ணு அசந்துட்டேன்.

— நீங்களா?

— வயசாவுதில்ல. இன்னொரு தபா ஆச்சுன்னா தன்சீல் முதலாளி வேற ஆளைப் போட்டுடுவார். போ பாப்பா.

— அண்ணே, முதுகுக்குப் பின்னாடி நின்னு நாலு தடவை கூப்பிட்டேன். திரும்பல. இப்பக்கூட என் வாயைப் பாத்துத்தானே பதில் சொல்றீங்க?

— ...கதவைச் சாத்து.

— எத்தினி நாளா?

— ரெண்டு மாசமா. கடியாரத்தைப் பாத்து சமாளிச்சேன். நேத்து அது நின்னு கெடந்ததை கவனிக்கல.

— தன்சீல் பாய்கிட்ட சொல்லிடுங்க.

— சொன்னா இன்னைக்கே வீட்டுக்குப் போன்னுடுவார். வீட்ல எனக்கு யார் இருக்கா? இங்க புள்ளைங்க சிரிக்குது. காதுல விழலன்னாலும் மொகத்துல தெரியுது.

— அப்ப திரும்பி உக்காருங்க. பாங்கு ஆரம்பிச்சா உங்க நாற்காலிக் கட்டையில ஒரு தட்டு. முடிஞ்சா ரெண்டு. நடுவுல யானை சத்தமில்லாம நடக்கும்.

— நீ பாட்டு கேக்க வந்தவ.

— ஏழு வயசுலயே கேட்டாச்சு அண்ணே. என்னைத் திரும்பிப் பாக்காதீங்க, திரையைப் பாருங்க.

\*

— அஃப்ரோஸ், படிக்கட்டுலயே நில்லு.

— தன்சீல் பாய், இன்னைக்கு சரியா நிறுத்திட்டாரே. பள்ளிவாசல் பெரியவங்க எதுவும் சொல்லலியே?

— சொல்லல. நீ மேல இன்னா பண்ணினே?

— சும்மா, பழைய கதை பேசிக்கினு இருந்தோம்.

— பாங்கு நேரத்துலயா?

— ...அவரை அனுப்பிடாதீங்க பாய்.

— நேத்து கேபின் உள்தாழ் போட்டிருந்தது. கை வலிக்கக் கதவைத் தட்டினேன். கண்ணாடி வழியா பாக்கறேன், மனுஷன் திரும்பவே இல்ல. தியேட்டர் என்னுது, தப்பும் என்னுதுன்னு பெரியவங்ககிட்ட சொல்லிட்டேன். பேஜார் அதோட முடிஞ்சது.

— அப்ப உங்களுக்குத் தெரியும்?

— இன்னைக்கு இன்னா பண்றதுன்னு யோசிச்சிக்கினேதான் படியேறினேன். எனக்கு முன்னாடி நீ போய் அவர் நாற்காலியில தட்டிக்கினு இருந்தே.

— தினமும் ஷிப்ட் முடிஞ்சதும் வந்துடறேன் பாய். உங்களுக்குத் தெரியும்னு அவருக்கு மட்டும் தெரிய வேணாம்.

— உனக்கு ஓவர்டைம் இருக்கற நாள்ல நான் தட்டறேன். திரும்பிப் பாக்க வேணாம்னு மட்டும் அவர்கிட்ட இப்பவே சொல்லி வை.