வேலியோரக் கத்திரிச் செடி

— எழுந்திருக்க வேணாம், தேசம்மா. நான்தானே உன்னைத் தேடி வந்திருக்கேன்.

— பள்ளிக்கூடத்து டீச்சரம்மா மீன்காரி குடிசைக்கு வந்துகீறீங்க. இப்ப இன்னா பழி போடப்போறீங்க?

— போட்ட பழியை எடுக்க வந்தேன். பள்ளிக்கூடத் தோட்டத்துக் கத்திரிச் செடிக்கு நீ கடல் தண்ணி ஊத்தலை.

— அதத்தான் சாந்தோம் கோயில் வாசல்ல, அத்தினி பேர் எதிர்ல, மாதா மேல ஆணையிட்டுச் சொன்னேன். நீங்க காதுல வாங்கலியே, அல்போன்சாம்மா.

— வாங்கலை. நாத்தம் தாங்கலைன்னு, பள்ளிக்கூடத்துக் கிணத்தடியில மீன் கழுவ வராதேன்னு உன்னை வெரட்டினேன். ரெண்டு மாசத்துல செடியெல்லாம் மஞ்சளாச்சு. கோவத்துல நீதான் செஞ்சேன்னு நெனச்சுட்டேன்.

— இப்ப மட்டும் யாரு இன்னா சொன்னாங்க?

— விவசாய இலாகாவிலேர்ந்து பஞ்சாட்சரம்னு ஒருத்தர் வந்தார். சண்டைக் காலம், எல்லாரும் காய்கறி போடுங்கன்னு ஊர் ஊராச் சொல்றவர். உப்புத் தண்ணின்னா இலை ஓரமெல்லாம் கருகியிருக்கும், இது அடி இலை வெளுக்குது, மண்ணுல சத்தில்லைன்னார். பாரு தேசம்மா, சத்து கொறைஞ்சா செடிக்கே தெரியுமாம். பழைய இலையில இருக்கறதை எடுத்துக் குருத்துக்கு அனுப்பிடுமாம்.

— வாயில்லாத செடிக்கு எம்மாம் புத்தி.

— ஒண்ணைத் தோண்டிக் காட்டினார். வேர் நூல் மாதிரி மெலிஞ்சு முழ நீளத்துக்குப் போயிருக்கு. சத்தைத் தேடிப் போகுதாம். ஒரே ஒரு எடத்துல மட்டும் கொத்தா மண்டிக் கெடக்குது. விலக்கிப் பாத்தா, நடுவுல மீன் முள்ளு.

— நான் பொதைச்சதுதான். புள்ளைங்க மத்தியானக் கஞ்சிக்கு அந்தக் காய்தானே தொட்டுக்க? மீன் கழுவினதும் குடலு, தலையெல்லாம் காக்கா கெளறாம செடியடியில ஒரு சாண் தோண்டிப் பொதைப்பேன்.

— எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

— சொன்னா நாத்தம்னு அன்னிக்கே நிறுத்தியிருப்பீங்க.

— நிறுத்தியிருப்பேன்தான். நாளைக்குக் காலையில கிணத்தடிக்கு வா, தேசம்மா. யார் கேட்டாலும் நான் கூப்பிட்டேன்னு சொல்லு.

— வரேன். கண்ணத் தொடைங்க மொதல்ல.

— ஒண்ணு மட்டும் அவருக்கே புரியலை. எல்லாம் அதே மண்ணு, அதே தண்ணி. ஆனா தெரு வேலியோரம் இருக்கற ஒத்தைச் செடி மட்டும் இன்னும் பச்சையாக் காய்ச்சுட்டிருக்கு.

— வேலிக்கு வெளியே நின்னுக்கினு கைய நீட்டுனா, எட்டுனது அது ஒண்ணுதான் டீச்சரம்மா.