கட்டிலுக்கு அடியில் இருந்த என்ஜின்

என் பெயர் முதல் தாளில் எழுதியிருக்கிறபடி. வயது முப்பத்தாறு. கார் மெக்கானிக் ஷெட்டின் பின்புறம் உள்ள இரண்டு அறைகளில் கணவரோடும் இரண்டு பெண் பிள்ளைகளோடும் குடியிருக்கிறேன். தையல் வேலை செய்கிறேன். யாரும் மிரட்டி இதைச் சொல்லவில்லை. உதட்டில் உள்ள கிழிசல் இந்த ஸ்டேஷனுக்கு வருவதற்கு முன்பே பட்டது.

என் கணவர் மெக்கானிக். ஷெட்டுக்கு வருகிறவர்கள் அவரை ஸ்பானர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவருடைய தம்பி, அதாவது என் கொழுந்தன், மனை வாங்கி விற்கிறவர். என் மாமனார் இறந்தபோது விட்டுப்போனவை இரண்டுதான், ஷெட்டும் அவருடைய பழைய காரும். அந்த மாடலில் இன்று ஓடுகிற கார்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதன் என்ஜின் இறுகிப்போய்க் கிடந்ததால் என் கணவர் அதை இறக்கிவிட்டு, விபத்தில் நொறுங்கிய ஒரு புதுக் காரின் என்ஜினை வாங்கி ஏற்றினார். சின்ன மகள் வயிற்றில் இருந்தபோது தொடங்கிய வேலை அவள் பள்ளிக்கூடம் போன பிறகுதான் முடிந்தது.

அதன் பிறகு பாகப்பிரிவினைச் சண்டை வந்து, சொந்தக்காரர்கள் உட்கார்ந்து ஒரு முடிவு சொன்னார்கள். வெளியாள் ஒருவர் காரை மதிப்பிட வேண்டும், ஷெட்டுக்கு ஈடான விலை போகும் என்றால் காரைச் செய்த என் கணவருக்குக் கார், கொழுந்தனுக்கு ஷெட். போகாது என்றால் ஷெட் எங்களுக்கு, கார் கொழுந்தனுக்கு. அண்ணன் தம்பி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். காரில் குடித்தனம் நடத்த முடியாது என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

பழைய கார் என்றால் அதன் சொந்த என்ஜின்தான் விலை, அது போய்விட்டால் பாதி கூடத் தேறாது என்று என் கணவரே என்னிடம் சொன்னார். அந்தச் சொந்த என்ஜினைப் பிரித்து கிரீஸ் தடவி சாக்கில் சுற்றி எங்கள் கட்டிலுக்கு அடியில்தான் வைத்திருந்தார். யார் கேட்டாலும் எடைக்குப் போட்டுவிட்டதாகச் சொல்லுங்கள் என்றேன். சரி என்றார். பிள்ளைகள் மேல் ஆணையாகச் சரி என்றார்.

சம்பவத்தன்று காலையில் மதிப்பீட்டாளர் வந்தார். எங்கள் பாகப்பிரிவினை விவரம் அவருக்குத் தெரியாது. துணி சுற்றிய காந்தத்தை வைத்து எங்கே தகடு, எங்கே பட்டி பூசியது என்று பார்த்தார், அதன் பிறகு என்ஜின் நம்பரை வண்டிப் புத்தகத்தோடு ஒப்பிட்டு உதட்டைப் பிதுக்கினார். "வண்டி நல்ல வண்டிதான். என்ஜினை மாத்திக் கொன்னுட்டாங்க. எவனோ கசாப்புக்காரன் கை வச்சிருக்கான்" என்றார். கொழுந்தன் முகம் தொங்கிவிட்டது. எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. கணவரைப் பார்த்தேன், அவருடைய காது மடல் சிவந்திருந்தது.

"எங்க வெட்டியிருக்கேன், காட்டுங்க" என்று கேட்டார்.

"பாடியை வெட்டாம வேற என்ஜின் எப்படிங்க ஏறும்? எல்லாரும் வெட்டித்தான் ஏத்துறாங்க."

"நான் எல்லாரும் இல்ல."

நான் இருமினேன். உள்ளே வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள் என்று கணவரைக் கூப்பிட்டேன். அவர் பானெட்டைத் திறந்து, அப்பா வாங்கியபோது இருந்த அதே நாலு ஓட்டைகளில்தான் புது என்ஜின் உட்கார்ந்திருக்கிறது, இடையில் ஒரு தகடு செய்து போட்டிருக்கிறேன், உடம்பில் ஒரு துளை கூடப் புதிதாகப் போடவில்லை என்று விளக்கினார். மதிப்பீட்டாளர் டார்ச் அடித்துக் கீழே படுத்துப் பார்த்துவிட்டு, பழைய என்ஜின் இருந்தால் திரும்ப அப்படியே ஏற்றிவிடலாமே, இருக்கிறதா என்று கேட்டார். எடைக்குப் போட்டாயிற்று என்று நான்தான் சொன்னேன். என் கணவர் உள்ளே போனார். வாசலை மறித்து நின்ற என்னைத் தோளால் தள்ளிவிட்டு, கட்டிலை நகர்த்தி, சாக்கோடு அதை இழுத்துவந்தார். வெட்டிப் போட்டிருந்த தையல் துணிகள் மேல் கிரீஸ் தடம் விழுந்தது. நம்பர் பொறித்த இடத்தைத் தன் சட்டையாலேயே துடைத்துக் காட்டினார்.

"அப்பப் பேச்சே வேற. தொட்டதே தெரியாமத் தொட்டிருக்கீங்க" என்று சொல்லி மதிப்பீட்டாளர் ஒரு விலை சொன்னார். அது ஷெட்டைவிட அதிகம். என் கணவர் சிரித்தார். இரண்டு பிள்ளைகள் பிறந்தபோதும் அந்தச் சிரிப்பை நான் பார்க்கவில்லை. கொழுந்தன் என் பக்கம் திரும்பி, "அண்ணி, சாமானைக் கட்ட ஆரம்பிங்க. டிக்கி பெருசுதான், பாதி கொள்ளும்" என்றார்.

அதன் பிறகு நான் சுவரோரம் இருந்த சம்மட்டியை எடுத்து முன்கண்ணாடியை அடித்தேன், அதன் பிறகு விளக்குகளை அடித்தேன், அதன் பிறகு ரேடியேட்டரை அடித்தேன். கொழுந்தன் பின்னாலிருந்து என் தலைமுடியைப் பிடித்து முகத்தைக் கார்க் கதவில் மோதினார். உதடு கிழிந்தது. கீழே விழுந்த என்னை வயிற்றில் உதைத்து, பிச்சைக்காரி என்றார். ஒரு தடவை அல்ல. அப்போது என் கணவர் ஐந்தடி தள்ளி நின்று பானெட் மேல் சிதறிய கண்ணாடித் தூளை உள்ளங்கையால் வழித்துக்கொண்டிருந்தார். நான் படுத்தபடியே சம்மட்டியை வீசியதில் கொழுந்தனின் முழங்கால் உடைந்தது. சத்தம் கேட்டது. அவர் அம்மா என்று கத்தியபடி ஆயில் கறையில் புரண்டார். மதிப்பீட்டாளர் காந்தத்தைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடினார்.

அதன் பிறகு நான் எழுந்து தரையில் கிடந்த பழைய என்ஜினுக்கு மேல் சம்மட்டியை ஓங்கினேன். அப்போதுதான் என் கணவர் ஓடிவந்தார். மண்டியிட்டு இரண்டு கைகளையும் விரித்து அந்த நம்பர் மேல் வைத்துக்கொண்டு, "இதை விட்டுடுடி" என்றார். எடுங்கள் என்றேன். எடுக்கவில்லை. அடித்தேன். வலது கையில் விரல்கள் எதுவும் மிச்சமில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னதாக அறிகிறேன். என்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டேன், இன்னும் பதில் சொல்லவில்லை.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். அடி விழுந்த இடத்தில் "கை தவறி" என்று எழுதியிருந்தது. அப்படி இருந்தால் எனக்கு நல்லது என்று எழுதியவர் சொன்னார். நான் அவருடைய கைகளைப் பார்த்துவிட்டுத்தான் அடித்தேன். அந்த இரண்டு சொற்களையும் என் முன்னால் அடித்துவிட்டார்கள். மீதியெல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் நடந்தது.

(கையொப்பம்)