எலிகள் இளைத்த விதம்

எங்கள் துறையில் ஒரு பொய்கூட எழுதாத ஒரே ஆள் நான்தான், டாக்டர். பெருமைக்குச் சொல்லவில்லை. மற்றவர்கள் ஒன்பதை ஆறாக்குவார்கள். அப்படி ஆக்கிய ஒருவரை, தராசைத் தலைகீழாக நின்று படிக்கும் யோகி என்று கல்லூரி இதழில் கிழித்துத் தொங்கவிட்டிருக்கிறேன். என் ஆய்வேட்டில் உள்ள ஒவ்வொரு எண்ணும் உண்மை.

கிரீன் டீயில் உள்ள கேட்டகின்கள் என்னும் கசப்புச் சத்துகள் உடம்பில் கொழுப்பு உருவாவதைக் குறைக்குமா என்பது என் ஆய்வு. தேயிலைச் சாற்றைக் கெட்டியாக்கிப் பொடி செய்து, ஒரு கூட்டம் எலிகளின் தீனியில் கலந்தேன். இன்னொரு கூட்டத்துக்கு வெறும் தீனி. பொடி தின்றவை இளைத்தன. ஈரலில் கொழுப்பைத் தயாரிக்கும் நொதியும் குறைந்தது. பேராசிரியர் முதல் தடவையாக என்னை உட்காரச் சொன்னார்.

பொடி கசக்கும். எலிகளுக்கும் நாக்கு உண்டு. தீனியை மோந்துவிட்டு மூலையில் போய்ச் சுருண்டுகொண்டன. பட்டினி கிடக்கும் ஈரலிலும் அந்த நொதி தானாகவே குறையும். அதனால்தான், பொடிக் கூட்டம் எவ்வளவு தின்கிறதோ அதே அளவுதான் மற்றதற்கும் போட வேண்டும் என்று ஒரு முறை இருக்கிறது. மிச்சத் தீனியை நிறுக்க வேண்டும். நான் நிறுப்பதற்கு முன்பே கூட்டி அள்ளிவிடுவேன். எழுதாத எண் எப்படிப் பொய்யாகும்?

பக்கத்து மேசை சீனியர் கூண்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “டேய், உன் எலிங்க டீயால இளைக்குதா, பசியால இளைக்குதா?”

“எதுவா இருந்தா என்ன, இளைச்சிருக்குல்ல?”

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அத்தோடு போயிற்று.

அக்காவுக்கு ஸ்கேனில் ஈரல் கொழுப்பு என்று வந்தது அதற்குப் பிறகுதான். அம்மா போனபின் எனக்குச் சோறு போட்டு ஆளாக்கியவள் அவள். அவள் மாடி ஏறினால் தனக்கு மூச்சு வாங்குவதாக அவள் புருஷன், என் மாமா, கிண்டலடிப்பார். “ஊருக்கெல்லாம் ஆராய்ச்சி பண்றே, கூடப் பொறந்தவளுக்கு ஒண்ணும் கிடையாதா?” என்றாள். உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் தம்பி கொழுப்புக்கு மருந்து கண்டுபிடித்துவிட்டான் என்று தெரு முழுக்க அதற்குள் சொல்லி முடித்திருந்தாள்.

பொடியை ஆய்வகத்திலிருந்து எடுத்துவந்தேன். எலிக்குக் கொடுத்த அளவை அவள் எடைக்கு அப்படியே பெருக்கினேன். அப்படிப் பெருக்கினால் மனிதருக்கு அது பல மடங்கு கூடுதல் என்பது முதலாண்டுப் பாடம். வெந்நீரில் கலந்து வெறும் வயிற்றில் குடித்தால் நன்றாக வேலை செய்யும் என்றும் சொல்லிவைத்தேன்.

“பசியே இல்லடா. உன் மருந்து வேலை செய்யுது,” என்றாள் ஒருநாள். முகம் ஒட்டியிருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, டாக்டர். அதைத்தான் வெளியே சொல்ல நாக்கு கூசுகிறது. என் முடிவை ஒருத்தி உண்மையாக்கிக்கொண்டிருந்தாள்.

பிறகு கண் மஞ்சளானது. நீங்கள் கிருமி தேடினீர்கள், இல்லை. பொடி, கஷாயம் ஏதாவது குடிக்கிறாளா என்று நேற்றுக் கேட்டீர்கள். அக்கா என்னைப் பார்த்தாள். அவள் வாயைத் திறக்குமுன், “ஒண்ணும் இல்ல டாக்டர், வீட்டுச் சாப்பாடுதான்,” என்றேன். நீங்கள் எழுதிக்கொண்டீர்கள். நீங்கள் போனதும் அவள் என் கையைப் பிடித்து, “கேக்காம எடுத்துட்டு வந்தியா? நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்,” என்றாள். திருட்டுத்தான் என் பயம் என்று நினைத்துவிட்டாள். நானும் அப்படியே நினைக்கவிட்டேன்.

இன்று நீங்கள் ஈரல் மாற்றுவது பற்றிப் பேச, மாமா யோசிக்காமல் தன்னுடையதை எடுத்துக்கொள்ளச் சொன்னாராம். வராந்தாவில் என்னிடம், “இனி உங்க அக்கா வாய் பேசினா என் ஈரல்தான் பேசுதுன்னு வெச்சுக்கோ,” என்று சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. அதனால்தான் உங்கள் கதவைத் தட்டினேன்.

அவள் கட்டிலருகே இருக்கும் பிளாஸ்கை எடுத்துவிடச் சொல்லுங்கள். அதில் இருப்பது வெந்நீர் இல்லை. இன்று காலையும் கேட்டாள். கொடுக்காவிட்டால் ஏன் என்பாள். ஈரலுக்கு ஆகாது என்றால், அப்போ அந்த எலிகள் எப்படி இளைத்தன என்பாள். அதனால் கலந்து கொடுத்தேன்.

வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான், டாக்டர்.