நிற்பதற்கு முன் ஒருமுறை எழும் விசிறி

மேலே எழுதியுள்ள பெயரும் விலாசமும் என்னுடையவை. வயது ஐம்பத்தாறு. காலமான என் கணவர் ஏசிகளுக்குக் கண்ட்ரோல் போர்டு வடிவமைத்தவர். இந்த வழக்கின் எதிரி அவருடைய தொழில் கூட்டாளி. என்னை அண்ணி என்றுதான் கூப்பிடுவார். அந்தப் போர்டைத் தாமே தனியாக வடிவமைத்ததாகவும், என் கணவர் ஸ்க்ரூ முடுக்கிக் கொடுத்தவர் மட்டுமே என்றும் எதிரி சொல்லியிருப்பதை எனக்குப் படித்துக் காட்டினார்கள்.

நாங்கள் முதலில் குடியிருந்தது ஒற்றை அறை. அதிலேயே பட்டறை, அதிலேயே தொட்டில். அப்போது எங்களிடம் இருந்த ஏசி, அறை குளிர்ந்ததும் டக்கென்று நின்றுவிடும். சத்தம் நின்றால் எங்கள் மகள் வீறிட்டு அழுவாள். அதன் பிறகு என் கணவர், அறையின் சூட்டை அளந்து அளந்து, வேண்டிய குளிர் நெருங்க நெருங்க விசிறி தானாக வேகம் குறையும்படி மாற்றினார். அப்படியும் அது நிற்கிற நேரத்தில் அவள் முழித்துக்கொண்டாள். நான் தட்டித் தூங்கவைத்துக் கையை எடுக்கும்போது அவள் அசைந்தால், மறுபடி லேசாக ஒரு தட்டுத் தட்டுவேன்; அடங்கிவிடுவாள். அதைப் பார்த்தவர், "அட, இதுதானேடி விஷயம்! இன்னொரு தடவை தட்டு" என்றார். "பிள்ளைய தூங்க விடுவீங்களா, மாட்டீங்களா?" என்று நான் சண்டை பிடித்தேன். அதன் பிறகு, விசிறி நிற்கப்போகும்போது ஒருமுறை லேசாக எழுந்து அடங்கும்படி செய்தார். குளிருக்கு அதனால் ஒரு பயனும் கிடையாது. ஆனால் மூன்று பேரும் நிம்மதியாகத் தூங்கினோம். அப்படி ஒரு வீடு எனக்கு அப்புறம் அமையவே இல்லை.

எதிரி அதற்குப் பிறகே எங்களிடம் சேர்ந்தார். அந்தத் தொட்டிலை அவர் பார்த்ததில்லை. என் கணவர் காலமானதும், "அதெல்லாம் பழசு அண்ணி, எதுக்கும் ஆகாது" என்று சொல்லிப் போர்டுகளை எடுத்துப் போனார்.

இன்று இந்த விசாரணை அலுவலகத்தில், எதிரியின் நிறுவனம் விற்கும் ஏசியை எங்கள் இருவர் முன்னிலையில் ஓடவிட்டார்கள். விசிறி மெல்ல மெல்ல அடங்கி, நிற்கும் முன் ஒருமுறை எழுந்தது. அது எதற்கு என்று அதிகாரி கேட்டதற்கு எதிரி, "அது அப்படித்தான் சார் வரும். எடுத்தா வேற ஏதாச்சும் கெட்டுப்போயிடும்னு விட்டுட்டோம்" என்றார்.

எதிரியிடம், "பாப்பா தூங்கத்தான் தம்பி" என்றேன். அதன் பிறகு மேற்கண்ட விவரத்தைச் சொன்னேன்.

என் வேண்டுகோளின்பேரில் இயந்திரம் இரண்டாம் முறையும் ஓடவிடப்பட்டது. அது சாட்சியத்துக்காகக் கேட்டதல்ல, எனக்காகக் கேட்டது. "இதையுமா எழுதணும்மா?" என்றார் அதிகாரி. எழுதச் சொன்னேன்.

எழுதியதைப் படிக்கக் கேட்டேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை; அத்தனையும் நடந்தது, அத்தனையும் நான் சொன்னது.

(ஒப்பம்)