கைவைத்து ஜெபித்த ஆறு பெட்டி

ஹலோ... ஹலோ... ஆங், கேக்குது, கேக்குது. கத்தாதீங்க, கத்தினா இன்னும் இரையுது... நான்தான். உங்க பெண்டாட்டி போனை வேற யாரு எடுப்பா?... சாப்பிட்டேன், சாப்பிட்டேன். நீங்க?... மறுபடியும் பிஸ்கட்டா?... சரிதான். நிலநடுக்கம் வந்த ஊர்ல உங்களுக்கு விருந்தா வைப்பாங்க? குளிர் எப்படி இருக்கு?... குழாய்ல தண்ணி உறையுதா! ஐயையோ. அந்தக் குல்லாய போட்டுக்கிட்டுத்தானே வேலை பாக்கறீங்க?... பொய் சொல்லாதீங்க. போட்டோ எடுக்கறப்ப எல்லாம் கழட்டிடறீங்கன்னு பாஸ்டர் சம்சாரம் சொல்லிட்டாங்க.

கூடாரத்துக்கெல்லாம் லைட் போட்டாச்சா?... நூத்தி இருபதா? பாருங்களேன். இங்க நம்ம குளியலறை பல்பு ரெண்டு வருஷமா கண் சிமிட்டிக்கிட்டு இருக்கு, மாத்த ஆளில்ல. அங்க போய் ஊருக்கே ஒயர் இழுக்கறீங்க... அட, கோவத்துல சொல்லலைங்க. பெருமையாத்தான் சொல்றேன். எலக்ட்ரீஷியனுக்கு வாக்கப்பட்டேன்னு இப்பத்தான் நாலு பேர்கிட்ட சொல்லிக்க முடியுது.

என்னது... பெட்டி வந்துருச்சா! ஸ்தோத்திரம்! ஆறும் வந்துச்சா?... ஆமா, ஆமா, நான்தான் டேப் போட்டேன், நான்தான் லேபிள் ஒட்டினேன். பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குச் செக்ரட்டரின்னா சும்மாவா? அப்ப நாப்பது போர்வையும் கொடுத்தாச்சு... கொடுக்கலையா? ஏன்?... ஏன் சிரிக்கிறீங்க?... சிரிச்சுக்கிட்டே பேசினா எனக்கு ஒண்ணும் புரியலை. சிரிச்சு முடிங்க, நான் இருக்கேன்...

போர்வை இல்லையா? போர்வை இல்லாம கல்லா இருந்துச்சு பெட்டிக்குள்ள?... என்ன அங்கி?... வெள்ளை அங்கின்னா... கழுத்துல நீலப் பட்டை போட்டதா? கை அகலமா?... இருங்க. ஒரு நிமிஷம் இருங்க. நான் உக்காந்துக்கறேன்.

எத்தனை இருக்கு?... முப்பத்திரண்டு. ஆமா. நம்ம பாடகர் குழு முப்பத்திரண்டு பேர்தான்... இல்லைங்க, வேற சபை அங்கியா இருக்கும். எல்லாச் சபையிலயும் வெள்ளைதானே போடறாங்க. பாக்கெட்ல ஏதாவது இருக்கான்னு பாருங்க... கண்ணாடியா? கறுப்பு பிரேமா? ஒரு பக்கம் நூல் சுத்தியிருக்கா?... போச்சு. கொயர் மாஸ்டர் கண்ணாடி. மூணு வாரமா அந்த மனுஷன் அதைத் தேடிப் பியானோவையே நகத்திப் பாத்துட்டாரு.

அதைப் பத்திரமா எடுத்து வைங்க... யாரு போட்டுக்கிட்டா?... கூடாரத்துத் தாத்தாவா? கேட்டுட்டா போட்டுக்கிட்டாரு?... சரி... சரி... பேத்தி மூஞ்சி தெளிவாத் தெரியுதுன்னாரா? அழுதுட்டாரா?... விடுங்க. இருக்கட்டும் அவர்கிட்டயே. கொயர் மாஸ்டருக்குப் பாட்டெல்லாம் மனப்பாடம்தான், சும்மா பந்தாவுக்குத்தான் போட்டுக்கறாரு.

ஆனா அங்கியெல்லாம் ஒண்ணு விடாம மூட்டை கட்டி அடுத்த விமானத்துல... கொடுத்துட்டீங்களா! யாரைக் கேட்டுக் கொடுத்தீங்க? சிரிப்பா இருக்கா உங்களுக்கு? அது துவைக்காத அங்கிங்க! நாலு மாசம் போட்டுப் பாடின வேர்வை அப்படியே இருக்கு! லாண்ட்ரிக்குப் போடத்தான் பெட்டியில வச்சிருந்தேன்...

எல்லாரும் போட்டுக்கிட்டாங்களா?... முப்பத்திரண்டு பேரும் வெள்ளை அங்கியோட தண்ணி வரிசையில நிக்கறாங்களா... பரலோகம் மாதிரியா இருக்கு? பரலோகத்துல பிளாஸ்டிக் பக்கெட் இருக்காதுங்க... ஐயோ, என்னையும் சிரிக்க வைக்காதீங்க.

என்னது, பிரசவமா? அந்தக் கூடாரத்துலயா? எப்ப?... பொண்ணா! தாயும் பிள்ளையும் நல்லாருக்காங்களா?... எதுல சுத்தினாங்க குழந்தைய?... அந்த அங்கியிலயா? அழுக்கோடயா?... நர்ஸம்மா கொதிக்கிற தண்ணியில போட்டு எடுத்தாங்களா. அப்பாடா. நல்லாருக்கட்டும்... சரி, சரி, திருப்பியெல்லாம் கேக்கலை. பச்சைக் குழந்தை மேல இருந்து உருவியா எடுக்க முடியும்?

எப்படி நடந்துச்சுன்னா கேக்கறீங்க? நீங்க கிளம்பிப் போனதுக்கு மறுவாரம்... சொல்றேன், அவசரப்படுத்தாதீங்க. சபை அறையில இந்தப் பக்கம் போர்வைப் பெட்டி ஆறு, அந்தப் பக்கம் லாண்ட்ரிப் பெட்டி ஆறு. எல்லாம் ஒரே கடையில வாங்கின பெட்டி... எழுதலைங்க. எல்லாத்தையும் மூடிட்டுக் கடைசியா லேபிள் ஒட்டறதுதான் என் வழக்கம். அப்ப பாஸ்டர் வந்தாரு. எல்லாரும் வாங்க, பெட்டிமேல கைவச்சு ஜெபிச்சு அனுப்புவோம்னாரு. எல்லாரும் போய் அந்தப் பக்கம் கூடிட்டாங்க... ஏன்னா ஃபேன் அந்தப் பக்கம்தான் ஓடுது! வேற என்ன காரணம் இருக்கு?

நானும் கைவச்சேன், கண்ணை மூடினேன். இருபது நிமிஷம். ஒவ்வொருத்தரா உருகி உருகி ஜெபம். கொயர் மாஸ்டர் ரெண்டு கையும் வச்சுத் தேம்பித் தேம்பி அழுதாரு. அவரோட அழுக்கு அங்கிமேலயே... ஆமா, சிரிங்க, நல்லாச் சிரிங்க. ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தா, லாரிக்காரன் ஹாரன் அடிக்கறான். எல்லாரும் கைவச்ச பெட்டிதானே நிவாரணப் பெட்டின்னு நான் விறுவிறுன்னு அதுலயே லேபிளை ஒட்டிட்டேன்.

போர்வையா?... போர்வை... இருங்க, யோசிக்கறேன்... அந்த ஆறு பெட்டிய மறுநாள் காலையில...

என்னங்க.

போர்வை லாண்ட்ரி அண்ணன்கிட்டப் போயிருக்குங்க.

இல்ல... இல்ல, உங்களுக்குத் தெரியாது. நான் சொல்லலை. நாலு நாள் கழிச்சு அவரு கொண்டுவந்தாரு. நாப்பது போர்வை. துவைச்சு, மடிச்சு, காகிதம் சுத்தி. நான் அங்கி எங்கன்னு கேட்டேன். நீங்க இதைத்தானம்மா கொடுத்தீங்கன்னாரு. போர்வை கடல்ல போயிட்டிருக்கு, எந்த ஓட்டல் துணியக் கொண்டுவந்து ஏமாத்தறீங்கன்னு... ஆமா, கேட்டேன். அதுல நம்ம வீட்டுப் போர்வையே இருந்துச்சுங்க, பச்சைக் கரை போட்டது. இதே மாதிரி எங்க வீட்லயும் ஒண்ணு இருந்துச்சுன்னு அவர்கிட்டயே சொன்னேன்! அவரு என்னை ஒரு மாதிரி பாத்தாரு, எல்லாத்தையும் திருப்பி எடுத்துட்டுப் போயிட்டாரு...

எங்க வச்சுக் கேட்டேனா? ஆராதனை முடிஞ்சு எல்லாரும் வெளிய வர்ற நேரம். வாசல்ல... ஆமா, எல்லார் முன்னாடியும்தான்... திருடன்னு சொல்லலைங்க. அங்கிய எங்க வித்தீங்கன்னு மட்டும்தான் கேட்டேன்... ஆமா. ரெண்டும் ஒண்ணுதான். தெரியுது. அதை நீங்க வேற சொல்லணுமா?

அதுக்கப்புறம் சபைத் துணி அவருக்குப் போடறதில்லைன்னு கமிட்டியில முடிவு பண்ணிட்டாங்க. யாரு சொன்னான்னா கேக்கறீங்க? செக்ரட்டரி சொன்னா முடிவு பண்ண மாட்டாங்களா?

சரி, ஒண்ணு பண்ணுவோம். நடந்தது நடந்துபோச்சு. இது உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிஞ்சதா இருக்கட்டும். அங்கிய நிவாரணத்துக்குக் கொடுத்தோம்னு சொல்லிட்டா, சபைக்கும் நல்ல பேரு. புதுசு தைச்சுக்கலாம். லாண்ட்ரி அண்ணனுக்கும் மெல்ல மெல்ல, அடுத்த மாசம் ரெண்டு மேசை விரிப்பு, அதுக்கு அடுத்த மாசம் திரைச்சீலைன்னு... என்னது?... இப்ப அவரு எப்படி இருக்காருன்னா கேக்கறீங்க? எனக்கு எப்படித் தெரியும்?... கடல் தாண்டிப் போன் பண்ணி ஒரே கேள்வியத் திருப்பித் திருப்பிக் கேக்கறது என்ன பழக்கம்? திட்டறதுன்னா திட்டிடுங்க.

...

காலையில பாத்தேன் அவரை. வண்டியத் தள்ளிக்கிட்டு நம்ம வாசல் வழியாத்தான் போனாரு. எப்பவும் ஒரு குரல் கொடுப்பாரு, இன்னைக்குத் தலையத் திருப்பவே இல்லை. எவ்ளோ திமிருன்னு நினைச்சேங்க நான். நான் நினைச்சேன்!

அழலை. மூக்கு அடைச்சிருக்கு... சரி, அழறேன். இப்ப என்ன?... போறேன். போறேன்னு சொல்றேன்ல... இப்பவேதான். செருப்பு எங்க வச்சேன்... கதவைப் பூட்டிட்டேன்... நீங்க வைக்காதீங்க, லைன்லயே இருங்க. போனுக்கு வரிசையில நிக்கறவங்ககிட்ட என் பெண்டாட்டிக்கு ஒரு அவசரம்னு சொல்லுங்க... ஜெபம் பண்றீங்களா? வேண்டாம், வேண்டாம்! நான் ரோட்டைத் தாண்டிக்கிட்டு இருக்கேன், கண்ணை மூட முடியாது. கண்ணை மூடித்தான் இவ்ளோ தூரம் வந்து நிக்குது. நீங்க வேணும்னா மனசுக்குள்ள பண்ணிக்குங்க.

அவரு கடைக்கு வந்துட்டேன். உள்ளதான் இருக்காரு... பாக்கலை என்னை. பாத்துட்டாரு. பாத்தும் பாக்காத மாதிரி தேச்சுக்கிட்டே இருக்காரு... அப்புறமா வரலாமாங்க?... சரி, சரி.

அண்ணே... இல்லண்ணே, துணி கொண்டு வரலை... சண்டைக்கும் வரலை. அண்ணே, அங்கி கிடைச்சிருச்சு. அது உங்ககிட்ட வரவே இல்லை. நான்தான் பெட்டிய மாத்தி அனுப்பிட்டேன். நீங்க சொன்னதுதான் நிஜம். நான் சொன்னது பொய். தெரியாமச் சொன்னேன், ஆனா ரொம்பச் சத்தமாச் சொல்லிட்டேன்... ஆமாண்ணே... இவரு வேலை பாக்கற ஊருக்கே போயிடுச்சு... ஆமா, துவைக்காமத்தான்.

என்னங்க, கேக்குதா? இஸ்திரிப் பெட்டியக் கீழ வச்சுட்டாரு. துவைக்காத துணிய வெளிநாட்டுக்கா அனுப்பினீங்கன்னு தலையில கைவச்சு உக்காந்துட்டாரு! நான் அவரைத் திட்டினதுக்குக்கூட இப்படி உக்காரலை... ஒருத்தங்க கொதிக்க வச்சாங்கண்ணே... நர்ஸு... இல்ல, சலவைச் சோடா போட்டாங்களான்னு எனக்குத் தெரியாதுண்ணே. இருங்க, கேக்கறேன். ஏங்க, சோடா போட்டாங்களா?... தெரியாதாம்ணே.

அந்தப் போர்வை... இருக்கா! பிரிக்காம வச்சிருக்கீங்களா? அண்ணே, அங்க குழாய்த் தண்ணியே உறையுதாம். வெள்ளிக்கிழமை அடுத்த லாரி போகுது, அதுல அனுப்பிடலாம். லேபிள் நீங்களே ஒட்டிடுங்க, நான் கிட்டயே வரலை... ஏங்க, போர்வை வருது! நாப்பதும் வருது!

அண்ணே, என்னை மன்னிச்சுக்குங்க... என்ன?... இங்க வேண்டாமா? பின்ன எங்க?... ஞாயித்துக்கிழமை பாஸ்டரை விட்டே அறிவிச்சிடறேண்ணே... போதாதா? ஏன்?... எந்த வீடு?... ஏழு வீடா?

என்னங்க... இந்தத் தெருவுல ஏழு வீட்ல துணி போடறதை நிறுத்திட்டாங்களாம். அவங்க யாரும் நம்ம சபைக்கு வர்றவங்க இல்லை. நான் வாசல்ல கத்தினது அவங்க காது வரைக்கும் போயிருக்கு. மன்னிப்பு கிடக்கட்டும், இப்ப என்கூட வண்டியோட வாங்க, ஒவ்வொரு வீட்லயும் உங்க வாயால சொல்லுங்கன்றாரு... கோவமாச் சொல்லலைங்க. சட்டையப் போட்டுக்கிட்டுப் பொறுமையாச் சொல்றாரு. அதான் பயமா இருக்கு.

நியாயம்தான். நியாயம் இல்லைன்னு யாரு சொன்னா?... போயிட்டுத்தான் இருக்கோம். அவரு முன்னாடி வண்டியத் தள்றாரு, நான் பின்னாடி வர்றேன். ஜன்னல்ல இருந்து பாக்கறாங்க... தைரியமாத்தான் இருக்கேன், நீங்க பாடம் எடுக்காதீங்க. உங்களுக்கென்ன? நீங்க கடல் தாண்டிப் போனீங்க, நான் ஏழு வாசல் தாண்டணும். அங்க உங்களை யாருக்கும் தெரியாது. இங்க எல்லாருக்கும் என்னைத் தெரியும்.

முதல் வீட்டு மணிய அடிச்சுட்டாரு. உள்ள காலடிச் சத்தம் கேக்குது... வைக்காதீங்க, நீங்களும் கேளுங்க... ஹலோ?... என்னங்க?... ஹலோ?... போச்சு, கட்டாயிடுச்சு.

வணக்கங்க... ஆமா, நான்தான்... இல்லைங்க, உள்ள வரலை. வாசல்லயே நின்னு சொல்லிடறேன். வீட்ல இருக்கறவங்க எல்லாரையும் கொஞ்சம் கூப்பிடறீங்களா?