அண்ணியின் கால்

பிற்பகல் மூன்று மணி. ஊருக்கு வெளியே சுற்றிப் போகும் சாலை... ஈ காக்கை இல்லை. சிரிக்காதீர்கள், பேய்க்கு இருட்டுதான் வேண்டும் என்று யார் எழுதி வைத்தது? கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

என் சகலையின் அண்ணனுக்கு நடந்தது. எங்கள் எல்லோருக்குமே அவர் அண்ணன்தான். கியர் தானாக மாறும் ஆட்டோ கியர் கார்களை மட்டும் பார்க்கிற மெக்கானிக். கியர்பாக்ஸுக்கே நாடி பிடிப்பார் என்று கேலி செய்வோம். அண்ணி ஆஸ்பத்திரியில் இறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. மனுஷன் அழவில்லை. சாப்பிட்டார், தூங்கினார், பட்டறைக்குப் போனார்... மரத்துப் போயிருந்தார்.

அண்ணியின் துணிமணியைக்கூட யார் யாரோ வாங்கிப் போய்விட்டார்கள். மிச்சம் அண்ணி ஓட்டிய கார் ஒன்றுதான். அதையும் அண்ணியின் தங்கை கேட்டாள். கொடுத்தார். மறுநாளே திரும்பி வந்தாள்.

"ரெண்டுலருந்து மூணுக்கு மாறும்போது தூக்கிப் போடுது மாமா. அக்கா ஓட்டினப்ப அலுங்காம போகுமே!"

"விட்டுட்டுப் போ. பாத்துத் தரேன்."

ஆயில் குச்சியை உருவினார். கியர் ஆயிலின் சிவப்பு மாறவில்லை. மோந்து பார்த்தார்... கருகல் வாடை இல்லை. வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டினார். கோளாறு எதுவும் காட்டவில்லை. அப்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. அந்த மாதிரி கியர்பாக்ஸ், ஓட்டுகிறவர் காலுக்குப் பழகிக்கொள்ளும். எப்போது மிதிப்பார், எவ்வளவு மிதிப்பார் என்று நினைவில் வைத்திருக்கும். கால் மாறினால் முரண்டு பிடிக்கும். பழைய நினைவை அழித்துவிட்டு, புதிதாக ஓட்டிப் பழக்க வேண்டும். தினம் செய்கிற வேலை. கட்டைவிரல் தானாக அழிக்கும் பட்டனை அமுக்கிவிட்டது.

அழிந்துவிட்டது என்று திரையில் வந்த பிறகுதான் உறைத்தது... அது அண்ணியின் கால். அப்போதும் அழுகை வரவில்லையாம்.

ஸ்கேனரைக் கழற்றாமலே வண்டியைக் கிளப்பினார்.

வண்டியைப் பழக்க, முதலில் சொன்னேனே, அந்தச் சாலைக்குப் போனார். டக்... டக்... ஒவ்வொரு கியருக்கும் ஓர் அடி. பாலம் தாண்டியதும் சத்தம் நின்றது. கியர் மாறுவதே தெரியவில்லை. மடியில் இருந்த ஸ்கேனரைப் பார்த்தார். ஆக்சிலரேட்டர், பன்னிரண்டு சதவீதம். அவருக்குக் கனத்த கால். அவ்வளவு லேசாக மிதிக்கவே வராது. மெல்லக் காலை எடுத்தார். பன்னிரண்டு. இரண்டு காலையும் பின்னால் இழுத்துக்கொண்டார். பன்னிரண்டு... வளைவு வந்தது, பூஜ்யம். வளைவு முடிந்தது, மறுபடி பன்னிரண்டு.

குனிந்து பார்த்தார். பெடல் தாழ்ந்திருந்தது. அதன் மேல் ஒன்றும் இல்லை.

"பயமா இல்லையா?" என்று சகலை கேட்டானாம்.

"இல்லடா. இன்னொரு தடவ கை தவறி அழிச்சிடக் கூடாதேன்னுதான் இருந்துச்சு."

தங்கை வந்து கேட்டபோது, "கியர்பாக்ஸ் போச்சும்மா, சரி பண்ண முடியாது. உனக்கு வேற வண்டி பாக்குறேன்" என்றார். முடியாது என்று அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை.

போன வாரம் சகலை அதே சாலையில் வந்துகொண்டிருந்தான். அண்ணியின் கார் எதிரே வந்து அவனைக் கடந்தது. வளைவில் நிதானித்து, அழகாகத் திரும்பிப் போனது. அண்ணன் உள்ளேதான் இருந்தார்... பக்கத்து சீட்டில். பெல்ட் போட்டுக்கொண்டு, கண்ணாடியில் தலை சாய்த்து, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.